இடிக்கும் முன் படியெடு

திருக்கோகர்ணம் என்ற ஊர்ப்பெயரில் 8 எழுத்துகள். தி, ரு, க், கோ, க, ர், ண, ம். கணினியிடம் கேட்டால் 14 என்று சொல்லும். இன்னொரு கோப்பில் இருக்கும் அதே பெயரைக் காட்டிக் கேட்டால் 15 என்று சொல்லும். இரண்டு விடையும் சரி.

யூனிகோடு முறையில் மெய்யெழுத்தும், அகரமேறியவை தவிர மற்ற உயிர்மெய் எழுத்துகளும் ஒரே எண்ணாகச் சேமிக்கப்படுவதில்லை. 'தி' என்றால் தகரத்துக்கு ஓர் எண், இகரக் குறிக்கு ஓர் எண். 'க்' என்றால் ககரத்துக்கு ஒன்று, புள்ளிக்கு ஒன்று. வில்லங்கம் 'கோ'வில் இருக்கிறது. ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி என்ற ஒரே எண்ணைப் போடலாம். இரட்டைக்கொம்புக்கு ஓர் எண், துணைக்காலுக்கு ஓர் எண் எனப் பிரித்தும் போடலாம். திரையில் இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் ஒன்றாகவே தெரியும். இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்று யூனிகோடு தரம் சொல்கிறது. அந்த விதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது மென்பொருளின் பொறுப்பு. தெரியாத மென்பொருளில் திருக்கோகர்ணத்தைத் தேடினால் பாதி ஆவணங்கள் அகப்படாது. அவை அழியவில்லை, அங்கேயேதான் இருக்கின்றன. தேடுகிறவர் கண்ணுக்கு மட்டும் இல்லாமல் போய்விடுகின்றன.

யூனிகோடு பரவுவதற்கு முன் புழங்கிய திஸ்கி குறியாக்கத்தில் மூன்றாவது வரிசை ஒன்று உண்டு. தட்டச்சுப் பொறியில் அடிப்பதுபோல முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். திஸ்கியில் இருந்த நூலை யூனிகோடுக்கு மாற்ற எழுதிய நிரல்களைத் திறந்து பார்த்தால் இந்த வரிசையை மாற்றிப்போடும் பகுதி நீண்டுகொண்டே போகும். ஒரு விதி, அதற்கு ஒரு விலக்கு, அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு. எழுதியவர் இப்போது வேறு வேலைக்குப் போயிருப்பார். விளக்கக் குறிப்பு இருக்காது. புதிதாக வந்து பார்க்கும் இளம் நிரலாளருக்கு முதலில் தோன்றுவது, இந்தக் குப்பையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுத்தமாக எழுதிவிடலாம் என்பதுதான்.

அந்த எண்ணத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம். மூப்படைந்த கட்டற்ற மென்பொருளைத் தொடர்ந்து பேணுவதா, அதற்கு மாற்றாகப் புதிதொன்றைக் கட்டுவதா? என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கட்டுவதில் தவறே இல்லை. பழையதற்குத் தெரிந்திருந்தவற்றைப் படியெடுக்காமல் இடிப்பதுதான் பெருந்தவறு.

*

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதில்லை. 20 ஆண்டுகளுக்கு முன் எழுதிய நிரலின் ஒரு புள்ளிகூட இன்றும் மாறாமல் அப்படியே இருக்கும். பிறகு எப்படி அதற்கு வயதாகிறது? கணினியியலாளர் டேவிட் பார்னஸ் 1994இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருவகை மூப்பைப் பிரித்துக் காட்டினார். சுற்றியுள்ள உலகம் மாறும்போது மென்பொருள் மாறாமல் நிற்பது ஒரு வகை. விண்டோஸ் மாறும், செயலி மாறும், தரங்கள் மாறும், பயன்படுத்துகிறவர்களின் எதிர்பார்ப்பு மாறும். மாறாத நிரல் ஒருநாள் திறக்கவே மறுக்கும். இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது. முதலில் வடிவமைத்தவரின் எண்ணம் புரியாதவர்கள் அவசர அவசரமாகச் செய்யும் திருத்தங்களால் வருவது அது. ஒவ்வொரு திருத்தமும் ஒரு பிழையைத் தீர்த்துவிட்டு, உள்ளமைப்பைக் கொஞ்சம் கோணலாக்கிவிட்டுப் போகும். முதல் வகைக்கு மருந்து திருத்துவது. அந்த மருந்தே இரண்டாவது நோயைக் கொண்டுவருகிறது. வணிக மென்பொருளானாலும் கட்டற்ற மென்பொருளானாலும் இந்த இரட்டைச் சிக்கலிலிருந்து தப்ப முடியாது.

தமிழ் யூனிகோடின் அடித்தளமே இப்படி மூத்த ஒன்றுதான். இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக 1988இல் வெளிவந்த இஸ்கி என்ற தரத்தை அடியொற்றித்தான் 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பிராமியிலிருந்து கிளைத்த இந்திய எழுத்துமுறைகளை ஒரே சட்டகத்தில் பொருத்தும் ஏற்பாடு அது. தமிழுக்கு 128 இடங்கள். அவற்றில் இன்று நிரம்பியிருப்பவை 72. நம்முடைய 247 எழுத்துகளில், அகரமேறிய 18 தவிர மற்ற உயிர்மெய் 198க்கும் தனி இடம் கிடையாது. எழுத்தை எண்ணுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் கூடுதல் நிரல் தேவைப்படுகிறது. தமிழறிஞர்களும் கணினி வல்லுநர்களும் இதைக் குறையாகச் சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் இருந்தது.

மாற்றாக உருவானது டேஸ் 16. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஓர் எண் தரும் குறியாக்கம். 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று, யூனிகோடு முழுமையாக இயங்காத இடங்களில் டேஸ் 16ஐ மாற்றாகப் பயன்படுத்தலாம் என ஆணையிட்டது. எழுத்திலக்கணத்தின் பக்கம் நின்று பார்த்தால் அழகான வடிவமைப்பு. 'கோ' ஒரே எண்தான், இரண்டு வழியில் எழுதும் சிக்கலே எழாது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்தது. தனிப்பயன் பகுதி என்றால் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது தமிழ் என்று உலகத்துக் கணினிகளுக்குத் தெரியாது. தேடுபொறிக்கும் செல்பேசிக்கும் மின்னஞ்சலுக்கும் அது அந்நிய எழுத்து. அன்றாடப் புழக்கத்துக்கு அது வரவில்லை.

டேஸ் 16ஐ உருவாக்கியவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். அவர்கள் கட்டியது நல்ல வீடுதான். அந்த வீட்டுக்கு வரும் சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் பழைய வீட்டு வாசலோடு நின்றுவிட்டன. மாற்று மென்பொருள் பேசும் பலரும் நிரலை மட்டும் எண்ணிப் பார்க்கிறார்கள். அந்த நிரலை நம்பிப் பிறர் எழுதிய நிரல்களை எண்ணுவதில்லை. யூனிகோடு அமைப்பு இந்தப் பாடத்தை 1996இலேயே கற்றுக்கொண்டது. இரண்டாம் பதிப்பில் கொரிய எழுத்துகளை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் வைத்தது. ஏற்கெனவே எழுதியிருந்த கொரியப் பனுவல்கள் பொருளிழந்தன. அதன்பிறகு ஒருமுறை தந்த எண்ணை நீக்குவதுமில்லை, நகர்த்துவதுமில்லை என்று உறுதி செய்துகொண்டது.

*

திருக்கோகர்ணத்தில் பிரகதாம்பாள் கோயிலுக்குப் போயிருப்பவர்களுக்குத் தெரியும், தெருவிலிருந்து உள்ளே நடக்க நடக்கக் காலம் பின்னோக்கிப் போகும். வெளியே புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் மன்னர்கள் காலத்துத் திருப்பணிகள். தூண்களின் பாணி மாறிக்கொண்டே வரும். சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உள்ள பகுதிகள் வரும். கடைசியில் எல்லாவற்றுக்கும் மூலமாக, பாறையைக் குடைந்து எடுத்த சிறிய கருவறையில் கோகர்ணேசுவரர். அந்தக் குடைவரைக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வயது. பின்னால் வந்த ஒவ்வொரு காலத்தவரும் அதற்கு முன்னே ஒரு மண்டபத்தைச் சேர்த்தார்கள், மூலத்தைத் தொடவில்லை. பிரகதாம்பாளைக் குலதெய்வமாகக் கொண்ட தொண்டைமான்களும் தொடவில்லை.

பழைய நிரலைப் பேணுவது ஏறத்தாழ இப்படித்தான். உள்ளே கை வைக்காமல் வெளியே சேர்த்துக்கொண்டு போவது. இதற்கும் ஒரு விலை உண்டு. மூலம் இருட்டிப் போகும், நடைபாதை நீளும், புதிதாக வருபவருக்கு வழி தெரியாது.

ஆனால் நம் கோயில்கள் எல்லாமே இப்படி வளர்ந்தவை என்று நினைத்தால் அது சரியில்லை. சோழநாட்டில் பல பழைய கோயில்களை முழுக்கப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் புதிதாகக் கற்றளி எடுத்திருக்கிறார்கள். கண்டராதித்தரின் தேவியும் உத்தம சோழனின் தாயுமான செம்பியன் மாதேவி பத்தாம் நூற்றாண்டில் இதையே வாழ்நாள் பணியாகச் செய்தவர். அவர் திருக்கோடிகாவலில் கற்றளி எழுப்பியபோது, பழைய கோயிலைச் சேர்ந்த கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் மறுபடி வெட்டுவித்தார். இது பழங்கல்லின் படி என்ற குறிப்பும் உடன் இருக்கிறது. எது மூலம், எது படி என்ற குழப்பம் பின்னால் வருபவருக்கு வரக்கூடாது என்ற அக்கறை.

கொள்ளிடக் கரையில் இருக்கும் திருமழபாடியில் நடந்தது இன்னும் விரிவானது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1013இல், அங்கிருந்த விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். பிரிப்பதற்கு முன் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். இராசராசன் மறைந்தான், மகன் ஆட்சிக்கு வந்தான். இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், அந்தப் புத்தகத்தில் இருந்தவை புதிய சுவரில் ஏறின. சுமார் 13 ஆண்டுகள். மன்னர் மாறியும், வேலை செய்தவர்களில் எத்தனையோ பேர் மாறியும் படி தொலையவில்லை.

அதை ஏன் அவ்வளவு கருத்தாகக் காத்தார்கள்? அந்த எழுத்துகள் அலங்காரத்துக்கு வெட்டியவை இல்லை. இந்த நிலம் கோயிலுடையது, இதன் எல்லை இது, இன்னார் கொடுத்த பொன்னுக்கு வட்டி இவ்வளவு, இந்த விளக்கு எரியப் பொறுப்பு இன்னாருடையது. சுவரோடு அதுவும் போனால் கோயில் புதிதாக நிற்கும், உரிமைகள் எல்லாம் போயிருக்கும்.

*

பழைய நிரலில் கல்வெட்டு எது? பார்ப்பதற்குப் பயனற்றதாகத் தோன்றும் வரிகள்தான். ஒன்றை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம்.

புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளின் பாடங்களை 1929இல் அச்சில் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட சாசனங்களில் ஏராளமானவை 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல்லோடு தொடங்கும். இப்படிப்பட்ட பாடங்களைத் தட்டச்சு செய்து தேடத்தக்க தொகுப்பாக்க ஒருவர் உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் சொல்லிலேயே தடுக்கும். 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஸகரம், புள்ளி, ரகரம், ஈகாரக் குறி என்பது பழைய வழி. 2005இல் யூனிகோடு 4.1இல் ஶகரத்துக்குத் தனி இடம் கிடைத்தபின், ஶகரத்தை முதலில் வைத்து எழுதும் வழியும் வந்தது. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியும். 'கோ' விஷயத்திலாவது இரண்டும் ஒன்று என்று தரமே சொல்கிறது, அதற்கான பொது நிரல் பரவலாகப் புழங்கும் நிரல்மொழிகளில் கிடைக்கிறது. 'ஸ்ரீ'க்கு அந்த வசதி கிடையாது. தரத்தின் கணக்கில் இவை இரண்டு வேறு சொற்கள். ஆகவே நல்ல தேடல் நிரலில் இதற்கென்று யாரோ ஒருவர் தனியாக ஒரு வரி எழுதியிருப்பார். ஸ என்று இருந்தாலும் ஶ என்று இருந்தாலும், பின்னால் புள்ளியும் ரீயும் வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள் என்று.

அந்த வரியைத் தனியே படித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எதற்கு இது, இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்தானே என்று சொல்லி நீக்கிவிடத் தோன்றும். நீக்கினால் எந்த எச்சரிக்கையும் வராது, நிரல் ஓடும், பெரும்பாலான சொற்கள் சரியாகவே அகப்படும். பல மாதம் கழித்து, சாசனங்களில் பாதி மட்டும் ஏன் வருகிறது என்று ஓர் ஆய்வு மாணவர் கேட்பார்.

ஔவையின் கதையும் இதுதான். ஔ என்ற ஒரே எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒளவை என்று ள போட்டு எழுதப்பட்டிருந்தாலும் ஔவையாகப் புரிந்துகொள்ளும் நிரலில், அதைச் சந்தித்துச் சலித்த ஒருவரின் அனுபவம் பதிந்திருக்கிறது. ஆனால் 'ஒளி' என்ற சொல்லை ஔகாரமாக மாற்றிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கும். விலக்குக்கு விலக்கு என்று மேலே சொன்னேனே, அது இப்படித்தான் பிறக்கிறது.

*

இந்த அனுபவத்தை இழந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அதிகம் பேசிய சான்று நெட்ஸ்கேப். 1990களின் நடுவில் இணையம் என்றாலே நெட்ஸ்கேப் உலாவிதான். மைக்ரோசாஃப்டின் போட்டி முற்றியபோது, 1998 மார்ச் இறுதியில் அது தன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. மொசில்லா திட்டம் பிறந்தது அப்படித்தான். உள்ளே பார்த்தவர்கள் பழைய நிரல் திருத்தத் தகுந்த நிலையில் இல்லை என்றார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பழைய பக்க அமைப்புப் பொறியைக் கைவிட்டுப் புதிய பொறியின் மேல் எல்லாவற்றையும் கட்டுவது என்று முடிவாயிற்று. 4ஆம் பதிப்புக்குப் பிறகு 5 வரவேயில்லை. 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில், முதிராத நிலையில் வந்தது. இடைப்பட்ட காலத்தில் பயனர்கள் போய்விட்டார்கள். ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற நிரலாளர் அதே ஆண்டு எழுதிய கட்டுரையில், ஒரு மென்பொருள் நிறுவனம் செய்யக்கூடிய மிக மோசமான தவறு இதுவே என்று சாடினார். ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் உள்ள அசிங்கமான வரிகள் ஒவ்வொன்றும் யாரோ கண்டுபிடித்துத் தீர்த்த பிழை என்பது அவர் வாதம்.

அந்தக் கட்டுரையை வேதம்போலச் சொல்கிறவர்கள் அடுத்து நடந்ததைச் சொல்வதில்லை. அதே மறுகட்டுமானத்திலிருந்துதான் 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வந்தது. ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்த இணையத்தை மீட்டதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. நிறுவனம் தோற்றது, நிரல் பிழைத்தது. வணிக நிறுவனத்தால் ஆறு ஆண்டு காத்திருக்க முடியாது. மூலநிரல் பொதுச்சொத்தாக இருந்ததால் அது காத்திருந்தது.

ஆனால் மறுகட்டுமானத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த முன்மாதிரி வேறொன்று. பலரும் பெயர்கூடக் கேள்விப்படாத மென்பொருள் அது, ஆனால் இன்று தமிழ் படிக்கும் பெரும்பாலோர் அதன் தயவில்தான் படிக்கிறார்கள். ஹார்ஃப்பஸ். யூனிகோடு எண்களின் வரிசையை வாங்கி, எழுத்துருவிலிருந்து சரியான வடிவங்களை எடுத்து, கொம்பை இடப்பக்கம் நகர்த்தி, காலை வலப்பக்கம் வைத்து வரியாக்கித் தருவது அதன் வேலை. ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே அது இருக்கிறது. அதன் முந்தைய வடிவத்தை விட்டுவிட்டு பெஹ்தாத் எஸ்ஃபஹ்பத் என்ற நிரலாளர் அடியிலிருந்து புதிதாக எழுதினார். இந்திய எழுத்துமுறைகளுக்கான பகுதி 2012 வாக்கில் உருப்பெற்றது.

அவர் செய்த காரியம் திருமழபாடிப் புத்தகத்துக்கு இணையானது. விக்கிப்பீடியாவிலிருந்து ஒவ்வொரு மொழிக்கும் சொற்களைத் திரட்டினார். தமிழுக்கு மட்டும் 10 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு சொல்லையும் விண்டோஸின் பழைய பொறி எப்படி அமைக்கிறதோ, தன் புதிய பொறியும் அப்படியே அமைக்கிறதா என்று ஒப்பிட்டார். ஒவ்வொரு திருத்தத்தின்போதும் எத்தனை சொற்கள் தவறுகின்றன என்று எண்ணிக் குறித்துவைத்தார். தமிழில் அந்த 10 லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களில் தவறியது ஒரே ஒரு சொல் என்ற நிலை வந்தது. அவர் தமிழர் அல்லர். நம் எழுத்திலக்கணத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு அவர் உட்காரவில்லை. பழையதற்குத் தெரிந்திருந்ததை ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டார். தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியம் எதிர்பாராமல் எழுதியவர்களின் கட்டுரைகள் இந்தச் சோதனைக்குக் கச்சாப் பொருளாயின என்பது எனக்குப் பெருமிதம் தரும் செய்தி.

*

சில சமயம் இடிப்பதைத் தவிர வேறு வழியில்லாமலும் போகும். அடிமனை நம்முடையதாக இல்லாதபோது.

2000களில் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கியவர்களுக்கு இகலப்பை என்ற பெயரே போதும். தமிழா குழுவினர் அதை இலவசமாகத் தந்தார்கள். 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர்கள் புதுக்கோட்டையில் கூடித் திருவிழா நடத்தினார்களே, அந்தத் தலைமுறையில் பலருக்கும் இகலப்பையோ என்எச்எம் ரைட்டரோதான் முதல் கருவி. இகலப்பையின் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற விசைப்பலகைப் பொறியின் மேல் அமைந்தவை. கீமேனை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மார்க் டர்டின் 1993இல் லாவோ மொழியைத் தட்டுவதற்காக எழுதினார். நல்ல மென்பொருள், ஆனால் அன்று அதன் மூலநிரல் பூட்டியிருந்தது. மேலே உள்ள தமிழ் விதிகள் நம்முடையவை, கீழே ஓடும் இயந்திரம் பிறருடையது. விண்டோஸ் மாறும்போது அந்த இயந்திரத்தை நாமே திருத்த முடியாது.

2010 வாக்கில் வந்த இகலப்பை 3, அந்த இயந்திரத்தை விட்டு விலகி, கட்டற்ற மென்பொருளாகப் புதிதாக எழுதப்பட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இங்கும் படியெடுக்க வேண்டியவை இருந்தன. 1999இல் சென்னைத் தமிழ்இணைய மாநாட்டையொட்டித் தரமாக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ககரத்தை இருமுறை தட்டினால் முதல் ககரத்துக்குத் தானாகப் புள்ளி விழுந்து 'க்க' ஆகும். ங, க என்று தட்டினால் 'ங்க'. ந, த என்றால் 'ந்த'. தமிழ்ச் சொற்களில் ஒற்று எங்கே வரும் என்ற இலக்கண அறிவையே விசைப்பலகைக்குள் வைத்துவிட்டார்கள், விரலுக்கு எவ்வளவு மிச்சம்! ஆனால் 'மமதை' என்று எழுத வேண்டியவர் என்ன செய்வார்? ம, ம என்று தட்டினால் 'ம்ம' ஆகிவிடும். அதற்காகவே இரண்டுக்கும் நடுவில் அகர விசையைத் தட்டினால் புள்ளி விழாது என்று ஒரு விதி. இந்த விதியைப் படியெடுக்க மறந்த விசைப்பலகையில் மமதை என்ற சொல்லையே எழுத முடியாது. இயந்திரத்தை மாற்றலாம், பத்தாண்டாகப் பழகிய விரலை மாற்ற முடியாது.

பின்னால் கீமேனின் கதவும் திறந்தது. 2015இல் எஸ்ஐஎல் நிறுவனம் அதை வாங்கியது, 2017இல் மூலநிரல் பொதுவில் வந்தது. அது முன்பே நடந்திருந்தால் இகலப்பையைப் புதிதாக எழுதிய உழைப்பு வேறு வேலைக்குப் போயிருக்கும். வருந்திப் பயனில்லை. பூட்டிய அடித்தளத்தின் மேல் மொழிக்கருவியைக் கட்டக்கூடாது என்பதை அந்தப் பத்தாண்டு காட்டிக்கொடுத்தது.

*

இனிப் பேச வேண்டியது ஆளும் பணமும். நிரலின் வயதைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நாம் இணையத்தில் வங்கிக்கணக்கைத் திறக்கும்போது பல உலாவிகள் பூட்டுச்சின்னம் காட்டுகின்றனவே, அதற்குப் பின்னால் உலகின் பெருவாரியான சேவையகங்களில் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை அதில் வெளிப்பட்டது. சேவையகத்தின் நினைவகத்திலிருந்து கடவுச்சொற்களையே உருவிவிடக்கூடிய ஓட்டை. அதன்பிறகுதான் அத்திட்டத்தின் கணக்கு வெளியே தெரிந்தது. ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். ஓபன்பிஎஸ்டி குழுவினர் நிரலைப் பிரித்தெடுத்து, லிப்ரெஎஸ்எஸ்எல் என்று பெயரிட்டு, யாரும் பயன்படுத்தாத பழங்காலக் கணினிகளுக்கான வரிகளைப் பல்லாயிரக்கணக்கில் வெட்டி எறிந்தார்கள். மறுபக்கம் லினக்ஸ் அறக்கட்டளை முன்நின்று நிறுவனங்களிடம் நிதி திரட்டியது. ஓபன்எஸ்எஸ்எல்லுக்கு முழுநேர ஆட்கள் கிடைத்தார்கள். உலகம் பெரும்பாலும் பழையதிலேயே தங்கியது. ஆளும் காசும் கிடைத்ததும் பழைய நிரல் எழுந்து நின்றுவிட்டது.

நம் கல்வெட்டுகளில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. நந்தா விளக்கு எரிக்க நிவந்தம் விடுபவர் 96 ஆடுகளைக் கொடுப்பார். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று சாசனம் சொல்லும். ஆடு சாகும், மூப்படையும். எண்ணிக்கை மட்டும் குறையாமல் பார்த்துக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளப்பது மன்றாடி எனப்பட்ட இடையரின் பொறுப்பு. விளக்கை வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், நெய்க்கு வழி செய்தார்கள். கட்டற்ற மென்பொருளுக்கு நம் பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் தரும் நிதி பெரும்பாலும் புதிதாகக் கட்டுவதற்குத்தான் கிடைக்கிறது. வெளியீட்டு விழா நடக்கும். அடுத்த ஆண்டு பிழை திருத்தக் காசு கேட்டால் அதற்குத் தலைப்பு கிடையாது. இதுதான் என் ஆற்றாமை. தமிழில் பாதியில் நின்றுபோன மென்பொருள்களில் பலவற்றுக்கு மூப்பு வரவே இல்லை, நெய்தான் வரவில்லை.

நெய் ஊற்ற ஆளில்லாத இடத்தில் வேறு ஆபத்தும் நுழையும். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியை லாசே காலின் என்பவர் பல்லாண்டாகத் தனியாளாகப் பேணிவந்தார். மனநலம் இடம்தரவில்லை என்று அவர் சொன்ன காலத்தில், ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். சுமார் இரண்டு ஆண்டு நம்பிக்கையாக உழைத்து, உரிமை பெற்று, 2024 தொடக்கத்தில் அதனுள் கள்ளக் கதவு ஒன்றைப் பதித்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் தொலைநுழைவு அரை விநாடி தாமதமாவதை விடாமல் துருவியதால் அது மார்ச் 29 அன்று அம்பலமாயிற்று. அந்தக் கருவியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறொன்றுக்கு மாறுவோம் என்ற குரல்கள் அப்போது எழுந்தன. காலின் திரும்பி வந்தார். வரிவரியாகப் பார்த்து நஞ்சை நீக்கினார். மே இறுதியில் திருத்திய பதிப்பு வந்தது.

தமிழ்க் கருவிகளுக்கு இன்று ஒருவர் என்ன செய்யலாம்? இன்னொரு எழுத்துரு மாற்றி எழுத வேண்டாம் என்பேன். இருக்கும் மாற்றிகளே ஒன்றுக்கொன்று தெரியாமல் அதே பிழைகளை மறுபடி மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருக்கின்றன. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவில் தட்டிய கோப்புகளும், டிடிபி கடைகளில் பேஜ்மேக்கரில் கிடக்கும் திருவிழாப் பத்திரிகைகளும், பாமினி எழுத்துருவில் அடித்த நூல்களும் இன்னும் யூனிகோடுக்கு வர வேண்டியவை. அவற்றை மாற்றும்போது எந்தச் சொல்லில் எந்த மாற்றி தடுக்கி விழுந்தது என்பதைத்தான் முதலில் குறிக்க வேண்டும். இரண்டு விதமான ஸ்ரீ, ஔவை, ஒளி, மமதை, கொம்பு இடம்மாறும் சொற்கள், கல்வெட்டுப் பாடங்களில் வரும் கிரந்தக் கூட்டெழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான எண்வரிசை. அதற்குக் கீழே, இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு வரி விளக்கம். இந்தக் கோப்பு யாருடைய மென்பொருளுக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது. பழையதைத் திருத்துகிறவரும் புதிதாக எழுதுகிறவரும் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி, பொது உரிமத்தில், எளிய உரைக்கோப்பாக இருக்க வேண்டும். நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியரும் கல்வெட்டு ஆர்வலரும்கூட அதில் ஒரு வரி சேர்க்கலாம்.